நாலு நிமிஷம் பிளாங்க் போடுகிறீர்கள், சரி. முதுகு ஏன் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு 43 வயது. கோவையில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மூன்று வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். செவ்வாய், வியாழன், சனி காலைகளில் கொஞ்சம், ஞாயிறன்று நீண்ட தூரம். போன ஆடியில் நண்பர்களோடு பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி போய்த் திரும்பினோம், 200 கி.மீ.க்குச் சற்று மேல். போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. திரும்பும்போது உடுமலை தாண்டியதும் அடிமுதுகு பிடித்துக்கொண்டது. பொள்ளாச்சியில் ஒரு கடைத் திண்ணையில் அப்படியே படுத்துவிட்டேன். கோத்தகிரி ஏறும்போதும் இதே வலி வருகிறது. 'உனக்கு கோர் வீக்', அதாவது நடு உடம்புத் தசைகளுக்குப் பலம் போதாது, என்றார்கள். இரண்டு மாதமாக காலை 4.45-க்கு எழுந்து, ரைடுக்கு முன்னால் கட்டிலுக்கடியில் காலைச் செருகிக்கொண்டு 100 சிட்-அப், பிறகு நாலு நிமிஷம் பிளாங்க் (முழங்கையிலும் கால் விரல்களிலும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்துவது) செய்கிறேன். வலி குறையவில்லை, கூடத்தான் செய்திருக்கிறது. டிசம்பரில் 300 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) இருக்கிறது. எடை தூக்கச் சொல்கிறார்கள். தொடை பெருத்து உடம்பு எடை கூடினால் மலை ஏறுவது கஷ்டமாகாதா? ஸ்குவாட் போட்டால் முட்டி தேயும் என்கிறார் என் அண்ணன். ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை. கடைசியாக ஒன்று: சைக்கிளே ஓட்டாத என் மனைவியும் கூடச் சேர்ந்து செய்யலாமா?

பதில்:

அன்புள்ள கோவை வாசகருக்கு,

முதலில் அந்த 100 சிட்-அப்பை நாளைக் காலையிலிருந்து நிறுத்திவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

இரவெல்லாம் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் எழுந்ததும் உயரத்தை அளந்தால், முந்தின இரவைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக இருப்பது இதனால்தான். எழுந்த முதல் ஒரு மணி நேரம் அந்த வட்டுகளுக்குக் குனிவது பிடிக்காது. நீங்களோ 4.45-க்கு எழுந்து, பல் துலக்கிய கையோடு நூறு தரம் முதுகை மடக்குகிறீர்கள். அடுத்து, அதே மடங்கிய முதுகோடு சைக்கிள். அதற்கடுத்து ஆலையில் எட்டு மணி நேரம் நாற்காலி. இன்னொன்றும் இருக்கிறது. காலைக் கட்டிலுக்கடியில் செருகிக்கொண்டு போடும் சிட்-அப்பில் பெரும்பாலான வேலையைச் செய்வது வயிற்றுத் தசை அல்ல, தொடையை மேலே இழுக்கும் இடுப்பு மடக்குத் தசை. அது கிளம்புவதே அடிமுதுகு எலும்புகளிலிருந்து. பெடல் போட்டுப் போட்டு ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை விடிகாலையில் எழுப்பி, 'இன்னும் நூறு தரம் முதுகைப் பிடித்து இழு' என்று வேலை வாங்குகிறீர்கள். வலி கூடியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அடுத்து, எல்லா முதுகு வலிக் கடிதத்துக்கும் நான் கேட்டுவிட்டுத்தான் மேலே போகும் கேள்விகள். வலி புட்டத்தைத் தாண்டி முட்டிக்குக் கீழே இறங்குகிறதா? காலில் பலம் குறைகிறதா, பாதம் தரையில் தட்டுகிறதா? இரவு தூக்கத்தில் எழுப்புகிறதா? காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ உண்டா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சேடிலில் உட்கார்ந்து உட்கார்ந்து தொடையிடுக்கு மரத்துப்போவது சைக்கிள்காரர்களுக்குப் பழகின கதை. எழுந்து நின்றால் சில நிமிடங்களில் சரியாகும். சரியாகாமல் அப்படியே இருந்தால் அதைச் சேடிலின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

இதெல்லாம் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு விடை கொடுத்தது ஒரே சொல்: ஆடி. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் காற்று பொள்ளாச்சியையும் உடுமலையையும் என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காற்றை நம்பித்தானே அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன? போகும்போது அது உங்கள் முதுகைத் தள்ளியது. நிமிர்ந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே பழனி போயிருப்பீர்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில். ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்தவர், பொள்ளாச்சி வரும்வரை நிமிரவே இல்லை, அப்படித்தானே? கோத்தகிரி ஏற்றத்தில் காற்று இல்லை, ஆனால் கியர் இருக்கிறது. உங்கள் வண்டியில் பின் கேசட்டின், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கின், பெரிய பல்சக்கரத்துக்கு 25 அல்லது 28 பல் என்று யூகிக்கிறேன். அதை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு 50 சுற்று என்று நெம்பித் தள்ளும்போது, ஒவ்வொரு மிதிக்கும் கைகள் ஹேண்டில்பாரை இழுக்கும். அந்த இழுப்புக்கும் அந்த மிதிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்குப் படுவது அடிமுதுகு. இரண்டு இடத்திலும் வலிக்குக் காரணம் ஒன்றுதான். அடிமுதுகு தாங்க வேண்டிய அளவைவிட அதிகம் தாங்குகிறது, ஏனென்றால் அதற்குக் கீழே இருக்கும் பெரிய ஆட்கள், அதாவது புட்டத் தசையும் பின்தொடைத் தசையும், வேலைக்கு வரவில்லை.

இது உங்களுக்கு மட்டும் வந்த குறை என்று நினைக்க வேண்டாம். நார்வே ஆய்வாளர்கள் 109 தொழில்முறை ரோடு பந்தய வீரர்களிடம் விசாரித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 58 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் அடிமுதுகு வலி கண்டவர்கள். முட்டியின் முன்பக்க வலி 36 விழுக்காடுதான். சம்பளம் வாங்கிக்கொண்டு, மசாஜ் செய்ய ஆள் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கே அந்த நிலை.

உடற்பயிற்சிக்குப் போகும் முன் வண்டியைப் பாருங்கள். சேடில் உயரம் தவறாக இருந்தால் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது. வண்டியைச் சுவரோரம் நிறுத்தி ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோங்கள். அடியில் வரும்போது முட்டி அப்போதுதான் நேராக வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தை வைத்தால் முட்டியில் லேசான மடிப்பு மிஞ்சும். அடுத்த ரைடில் பின்னால் வரும் நண்பரை உங்கள் இடுப்பை ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். சேடில் உயரமாக இருந்தால் இடுப்பு தராசுத் தட்டு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். நிமிடத்துக்கு 80 சுற்று என்று பத்து மணி நேரம் ஓட்டினால் 48,000 சுற்று. அத்தனை ஆட்டத்தையும் வாங்கிக்கொள்வது யார் என்று சொல்லத் தேவையில்லை. கேசட்டை 32 அல்லது 34 பல் உள்ளதாக மாற்ற முடியுமா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். சில வண்டிகளில் கியர் மாற்றும் பின் டீரெய்லரையும் மாற்ற வேண்டி வரலாம். 'சின்ன கியர் போடுவது கௌரவக் குறைச்சல்' என்று நினைக்கும் ஆட்கள் எல்லா சைக்கிள் குழுவிலும் உண்டு. கோத்தகிரி மலைக்கு உங்கள் கௌரவம் தெரியாது.

இப்போது கோர் விஷயத்துக்கு வருகிறேன்.

கோர் என்றதும் எல்லோருக்கும் வயிற்றில் தெரியும் 'சிக்ஸ் பேக்' தசைதான் நினைவுக்கு வருகிறது. சைக்கிள்காரருக்கு அதனால் பெரிய பயனில்லை. உங்களுக்குத் தேவை, கைகாலெல்லாம் அசையும்போது நடு உடம்பு அசையாமல் நிற்கும் திறமை. வலது கால் மிதிக்கும்போது இடுப்பு வலப்பக்கம் சரியப் பார்க்கும். சரியவிடாமல் பிடிப்பதுதான் கோர். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், பந்தய வீரர்களின் கோர் தசைகளை முதலில் களைக்கவைத்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். பெடலில் விழுந்த விசை குறையவில்லை. ஆனால் முட்டியும் கணுக்காலும் மேலும் கீழும் போகிற வழி மாறிப்போயிருந்தது. அதாவது, கோர் களைத்தால் வேகம் உடனே போகாது. வேகம் அப்படியே இருக்க, கால் கோணலாக ஓடும். பத்து மணி நேரம் கோணலாக ஓடினால் எங்காவது ஓரிடத்தில் வலி கணக்குத் தீர்க்கும்.

நாலு நிமிஷ பிளாங்க் இதற்கு உதவாது. முதல் முப்பது விநாடிக்குப் பிறகு நீங்கள் தசையால் நிற்கவில்லை, மூட்டுகளில் தொங்குகிறீர்கள், மனசுக்குள் கடிகாரத்தைத் திட்டிக்கொண்டு. அதைவிட, பத்து விநாடி, உடம்பு முழுவதையும் கல்லாக்கி, முழங்கையைக் கால் பக்கமாக இழுப்பதுபோல் இறுக்கி, பிறகு விட்டுவிட்டு மறுபடியும் பத்து விநாடி என்று ஆறு தரம் செய்யுங்கள். வியர்த்துவிடும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைப்பதும் இந்தப் பத்து விநாடிக் கணக்கைத்தான்.

பிளாங்க்கோடு மூன்று பயிற்சிகள் போதும். ஒன்று, பக்கவாட்டு பிளாங்க். முழங்கையில் ஊன்றி ஒருக்களித்து, பத்துப் பத்து விநாடியாக. இரண்டு, மல்லாந்த வண்டு. மல்லாந்து படுத்து, கைகள் கூரையைப் பார்க்க, முட்டிகள் இடுப்புக்கு நேர் மேலே மடங்கியிருக்க, வலது கையையும் இடது காலையும் மெல்லத் தரைவரை நீட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். பிறகு அந்தப் பக்கம். கால் நீளும்போது முதுகு தரையிலிருந்து எழும்பினால் அவ்வளவு தூரம் நீட்ட உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று அர்த்தம். மூன்றாவது, நாலு காலில் நின்று எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது. இதில் ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி அடிமுதுகில் வைத்துவிடுவேன். பத்து வருடம் மராத்தான் ஓடினவர் ஒருவர் முதல் காலை நீட்டியதுமே பனியனை நனைத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே இரண்டாம் டம்ளர் கேட்டார். டம்ளர் ஆடாமல் ஒரு பக்கத்துக்கு ஐந்து தரம் செய்ய வந்தால் உங்கள் கோர் ரைடுக்குத் தயார்.

ஆனால் இவ்வளவும் தொட்டுக்கொள்ளத்தான். சாப்பாடு வேறு. உங்கள் முதுகு வலிக்கு நான் உண்மையில் எழுதித் தரும் மருந்து, இடுப்பில் மடிந்து கனத்தைத் தூக்கக் கற்றுக்கொள்வது.

நடவு வயலில் பெண்கள் நாற்று நடுவதைப் பார்த்திருப்பீர்கள். கால் ஏறக்குறைய நேராக நிற்கும். மடிப்பு இடுப்பில் விழும். முதுகு பலகையாக நீளும். (அவர்களுக்கு முதுகு வலிப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாளெல்லாம் அப்படி நின்றால் யாருக்கும் வலிக்கும்.) நம்மை மாதிரி நாற்காலிக்காரர்கள் கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தாலும் மடிப்பு இடுப்பில் விழாது, முதுகின் நடுவில் விழும். சைக்கிளில் உட்காரும்போதும் அதே. இடுப்பு சேடிலில் நிமிர்ந்து நிற்க, முதுகு மட்டும் கேள்விக்குறியாக வளைந்து ஹேண்டிலைத் தேடும். நீங்கள் தேட வேண்டியது அந்த இடுப்பு மடிப்பை.

இன்று மாலையே இதைச் செய்து பாருங்கள். சுவருக்கு முதுகைக் காட்டி, ஓர் அடி தள்ளி நில்லுங்கள். மாப் குச்சி ஒன்றை முதுகோடு ஒட்டி நேராகப் பிடியுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். குச்சி மூன்று இடத்தில் படவேண்டும்: பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடுவில், வால் எலும்பு. முட்டியை லேசாகத் தளர்த்திக்கொண்டு, கையில் சாமான் இருக்கும்போது கார் கதவைப் புட்டத்தால் தள்ளி மூடுவோமே, அப்படிப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். மூன்று இடமும் குச்சியை விடக் கூடாது. தொட்டுவிட்டால் அரை அங்குலம் முன்னே வாருங்கள். மறுபடி தொடுங்கள். இப்படிச் சிறிது சிறிதாகத் தள்ளி வந்தால் ஓரிடத்தில் பின்தொடை நரம்பு புடைத்தாற்போல் இழுக்கும். அங்கேதான் உங்களுடைய இன்றைய எல்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்த எல்லைக்கு முன்பே வால் எலும்பு குச்சியை விட்டு விலகிவிடும். முதுகு மடங்கி உதவிக்கு வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. அங்கேயே நின்று, திரும்பி வந்து, மீண்டும் போங்கள். பத்துப் பத்தாக மூன்று முறை. ஒரு வாரம் போதும் உடம்புக்குப் புரிய.

புரிந்த பிறகு குச்சியை வைத்துவிட்டு எடையை எடுங்கள். ஜிம்மில் இதை ரொமேனியன் டெட்லிஃப்ட் என்பார்கள். வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறது. 25 கிலோ வரைதான் ஜி.எஸ்.டி. என்று வந்ததும் மில்காரர்கள் புத்திசாலித்தனமாக 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். அந்த ஒரு கிலோவும் நம் பயிற்சிக்கு லாபம். மூட்டையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு அதே சுவர் மடிப்பு. கேஸ் சிலிண்டரைத் தூக்கிக் காட்டும் விளையாட்டெல்லாம் வேண்டாம்.

ஆனால் மூட்டை ஆறு வாரத்துக்கு மேல் தாங்காது. புட்டத் தசையும் பின்தொடையும் உடம்பிலேயே பலசாலிகள். அவர்களுக்கு 26 கிலோ சீக்கிரமே விளையாட்டுப் பொருளாகிவிடும். 'எடை குறைவாக, எண்ணிக்கை கூடுதலாகச் செய்தால் சைக்கிளுக்கு நல்லது' என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் ஒரு காலத்தில் சொன்னார்கள். குறைந்த எடையில் அதிக எண்ணிக்கையைத்தான் நீங்கள் பெடலில் 48,000 தரம் செய்கிறீர்களே! ஜிம்முக்கு வந்தும் அதே வேலை எதற்கு? நார்வேயில் பென்ட் ரொனெஸ்டாட் என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு 12 வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, கனமான எடை கொடுத்தார்கள். பத்துக்கு மேல் தூக்க முடியாத எடையில் தொடங்கி, நாலு தரம்தான் முடியும் என்கிற எடைவரை. பிறகு 185 நிமிடம் மிதமாக ஓட்டவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் முழு மூச்சாக மிதிக்கச் சொன்னார்கள். எடை தூக்கினவர்கள் அந்த ஐந்து நிமிடத்தில் முன்பைவிடக் கூடுதல் பவர் காட்டினார்கள். சைக்கிள் மட்டும் ஓட்டினவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு காலில் மிச்சம் இருப்பது: பி.ஆர்.எம். ஓட்டுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே ஆய்வுகளில் உங்கள் தொடைக் கவலைக்கும் பதில் இருக்கிறது. தொடைத் தசை கொஞ்சம் கூடியது. மொத்த உடம்பு எடையில் சொல்லத்தக்க மாற்றமில்லை. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் பெடல் போடுகிறவருக்குப் பயில்வான் தொடை அவ்வளவு எளிதில் வாய்க்காது. அதற்கென்றே சாப்பிட்டு, அதற்கென்றே உழைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அழுவார்கள்.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. முட்டி மடங்குவதால் தேயும் என்றால் சைக்கிள் அதை எப்போதோ தேய்த்திருக்க வேண்டும். பிள்ளையார் முன்னால் நாம் போட்ட தோப்புக்கரணம் ஸ்குவாட் அல்லாமல் வேறென்ன? முட்டியைக் கெடுப்பது, பழகாத எடையை ஒரே நாளில் ஏற்றுவதும், முட்டி உள்பக்கம் விழ விழத் தொடர்வதும். உங்களுக்கு இரண்டு கால் ஸ்குவாட்டைவிட ஒற்றைக்கால் வேலைதான் பொருத்தம் என்பது என் எண்ணம். பெடலில் ஒவ்வொரு காலும் தன் முறைக்குத் தனியாகத்தானே தள்ளுகிறது? முட்டி உயரத்துக்குச் சற்றுக் குறைவான உறுதியான பெஞ்சில், கையில் எடையோடு ஒற்றைக்காலில் ஏறி, மூன்று எண்ணும்வரை மெல்ல இறங்குங்கள். ஏறும்போது தரையிலிருக்கும் கால் உந்தித் தள்ளக் கூடாது. எந்தக் கால் பலவீனம் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். இரண்டு காலும் சமமாக உள்ளவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மேல் உடம்பை விட்டுவிடாதீர்கள். இது என் சொந்த அனுபவம். பிசியோ என்கிற திமிரில், காலுக்கு மட்டும் பயிற்சி செய்துவிட்டு முதல் 400 கி.மீ. பி.ஆர்.எம். ஓட்டத்துக்குப் போனேன். 310-வது கிலோமீட்டரில் கால் நன்றாகத்தான் இருந்தது. கைகள்தான் உடம்பைத் தாங்க மறுத்தன. முழங்கையைப் பூட்டிக்கொண்டு எலும்பின் மேல் சாய்ந்தே ஓட்டினேன்; சாலையின் ஒவ்வொரு குழியும் கழுத்தில் வந்து இறங்கியது. 27 மணி நேரக் கெடுவுக்கு இருபது நிமிடம் முன்னால் முடித்தேன். அடுத்த மூன்று நாள் சட்டைப் பித்தான் போட இரண்டு விரல்கள் ஒத்துழைக்கவில்லை. தண்டாலும், குனிந்து எடையை வயிற்றுப் பக்கம் இழுக்கும் ரோயிங்கும் அதற்குப் பிறகு நான் தவறவிட்டதில்லை.

நேரம் இல்லை என்கிறீர்கள். வாரத்துக்கு இரண்டே நாள், 40 நிமிடம். அதுவும் செவ்வாய், வியாழன் மாலைகளில், அதாவது காலையில் சைக்கிள் ஓட்டிய அதே நாளில். பலர் 'ஓய்வு நாளில் எடை தூக்குகிறேன்' என்பார்கள். அப்படிச் செய்தால் உடம்புக்கு ஓய்வு நாளே இல்லாமல் போகும். வியாழனுக்குப் பிறகு ஞாயிறு நீண்ட ரைடுக்கு இரண்டு முழு நாள் இருக்கிறது, தொடை வலி அடங்கிவிடும். முதல் இரண்டு வாரம் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவீர்கள்; பயப்பட ஒன்றுமில்லை.

டிசம்பருக்கு இன்னும் 13 வாரம் என்று கணக்கு வைத்தால், முதல் மூன்று வாரம் குறைந்த எடையில் பன்னிரண்டு தரம், இரண்டு செட், வடிவம் மட்டும் முக்கியம். பிறகு எடையைக் கூட்டிக்கொண்டே எண்ணிக்கையை எட்டுக்கும், அப்புறம் ஆறுக்கும் இறக்கி, செட்டை மூன்றாக்குங்கள். நடுவில் இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள். ஜிம்மில் யாராவது 'என்ன சார் ரெஸ்டே எடுத்துட்டிருக்கீங்க' என்றால் சிரித்துவைக்கவும். எந்த செட்டையும் கை நடுங்கும்வரை இழுக்க வேண்டாம். 'இன்னும் ரெண்டு தூக்கியிருக்கலாம்' என்று தோன்றும்போது நிறுத்துவதுதான் சரியான இடம். கடைசிப் பத்து நாளில் ஒரே ஒரு லேசான அமர்வு போதும். உங்கள் எடை 70 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் என்றால், நவம்பர் முடிவில் 50 கிலோவை, முதுகு கோணாமல், ஆறு தரம் தூக்கி வைக்க வந்துவிட வேண்டும். அதற்கு ஜிம்மில் மாத சந்தா கட்டுவதா, ஒரு பார்பெல்லும் தட்டுகளும் வாங்கி மொட்டை மாடியில் போடுவதா என்பது உங்கள் விருப்பம்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒன்று மட்டும்: ரைடு முடிந்து நாலு இட்லி, இரண்டு வடை, ஒரு காபி என்பது நம் ஊர் சைக்கிள் குழுக்களின் சம்பிரதாயம், நானும் அதில் பக்தன். ஆனால் எடை தூக்கும் நாட்களில் முட்டையோ, சுண்டலோ, பனீரோ, மீனோ தட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கட்டும்.

ரைடிலும் ஒரு பழக்கம் வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, வலி இல்லாதபோதே, சேடிலிலிருந்து எழுந்து பத்து மிதி மிதியுங்கள். இறக்கத்தில் பெடலை நிறுத்தி இடுப்பை முன்னே தள்ளி முதுகை எதிர்ப்பக்கம் வளையுங்கள். வலி வந்த பிறகு எழுந்து நின்று பயனில்லை, அது குடித்தனம் வந்துவிட்ட விருந்தாளி. 300 கி.மீ.க்கு 20 மணி நேரம் தருகிறார்கள். கட்டுப்பாட்டு மையங்களில் இரண்டு நிமிடம் சுவரோரம் நின்று அந்தப் புட்டம் தள்ளும் பயிற்சியைச் செய்தால் கெடு ஒன்றும் ஓடிவிடாது. பார்க்கிறவர்கள் கேட்டால் கற்றுக்கொடுங்கள்.

உங்கள் மனைவி விஷயம். கட்டாயம் சேர்ந்து செய்யலாம். உண்மையில் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. சைக்கிள் இதயத்துக்கும் காலுக்கும் எல்லாம் தரும், எலும்புக்கு மட்டும் அதிகம் தராது. உடம்பு எடையை சேடில் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை இல்லை. ரோடு பந்தய வீரர்களின் முதுகெலும்பில் அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் பெண்களுக்கும் எலும்பு கரையும். ஆக உங்கள் இருவருக்கும் மருந்து ஒன்றுதான். ஏற்கெனவே எலும்புத் தேய்வு, ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால் மட்டும் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். அவர் சுவர் மடிப்பை உங்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார் என்று பந்தயம் கட்டுகிறேன். கோலம் போடும் பழக்கம் உள்ளவர் என்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்குகிறேன்.

இருவரும் ஒன்றாகத் தொடங்க நல்ல பயிற்சி, ஒற்றைப் பக்கச் சுமை நடை. ஒரு கையில் மட்டும் எடையைப் பிடித்து, தோள் சரியாமல், இடுப்பு ஒடியாமல், ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து, கை மாற்றித் திரும்ப வேண்டும். எடை வலது கையில் இருக்கும்போது இடது விலா நெடுக இறுகுவது தெரியும். மலை ஏற்றத்தில் உங்களுக்கு இல்லாமல் போன பிடிப்பு அதுதான். வாளியில் தண்ணீர் வைத்துச் செய்யலாம், ஆனால் அலம்பிச் சிந்தினால் டைல்ஸ் தரை வழுக்கும். 20 லிட்டர் கேனைச் சாக்குப் பையில் போட்டு, பையின் காதைப் பிடித்துக்கொள்வது நல்லது. அவருக்கு முதல் வாரம் கேன் பாதி இருந்தால் போதும். உங்களுக்கு முழுக் கேன், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.